2018 குறிஞ்சி போட்டோக்கள் இப்போ எங்கே இருக்கு? க்ளவுடில் இருப்பதை ஹார்ட் டிஸ்க்கில் சேர்ப்பதில் வரும் சிக்கல்களும் தீர்வுகளும்

பழனி மலைத்தொடரில் நீலக்குறிஞ்சி கடைசியாகக் கூட்டமாகப் பூத்தது 2018-ல். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி என்பதால், அடுத்த பூப்பை 2030-ல்தான் எதிர்பார்க்கலாம். அதற்கு முந்தைய 2006 சீசனில் பலர் கையில் இருந்தது டிஜிட்டல் கேமரா. எடுத்த படங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கோ சிடிக்கோ போயின. 2018-ல் கதை மாறிவிட்டது. கொடைக்கானலில் போனில் கிளிக் பண்ணிய படங்கள், ஓட்டலின் வைஃபை கிடைத்ததும் தானாக க்ளவுடுக்கு ஏறின. அதற்குப் பிறகு அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இப்போது 'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்று போன் தினமும் எச்சரிக்கிறது. பலரும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குகிறார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. டிஸ்க்கை மாட்டினால் போன் கண்டுகொள்ளாது. பாதி போட்டோ காப்பி ஆனதும் எரர் வரும். எல்லாம் ஏறி முடிந்தால், 2018 படங்கள் எல்லாம் இன்றைய தேதியில் நிற்கும்.

சொந்த நினைவுகள் என்பதைத் தாண்டியும் இந்தப் படங்களுக்கு மதிப்பு உண்டு. வாட்டில், பைன், யூகலிப்டஸ் போன்ற வெளிநாட்டு மரங்கள் பரவியதால் பழனி மலையின் புல்வெளிகள் பெருமளவு சுருங்கிவிட்டன. குறிஞ்சி வளர்வது அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான். 2018-ல் எந்தச் சரிவில் எவ்வளவு பூத்தது என்பதைக் காட்டும் ஒரு சாதாரண போன் போட்டோகூட, 2030-ல் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஆவணம். ஆனால் அதில் தேதியும் இடமும் அழியாமல் இருக்கணும்.

ஏன் சிக்கல் வருகிறது, எப்படிச் சரிசெய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்: சின்க் வேறு, பேக்கப் வேறு

சின்க் என்பது கண்ணாடி மாதிரி. ஒரு பக்கம் என்ன நடக்கிறதோ, அதுவே மறுபக்கமும் நடக்கும். போனில் ஒரு போட்டோவைச் சேர்த்தால் க்ளவுடில் சேரும். போனில் அழித்தால் க்ளவுடிலும் அழியும். ஐக்ளவுட் போட்டோஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. கூகுள் ஃபோட்டோஸ் ஆப்பில் பேக்கப் ஆன ஒரு படத்தை டெலீட் செய்தாலும், அது போனிலிருந்தும் க்ளவுடிலிருந்தும் சேர்ந்தே போகும். தவறுதலாக அழித்துவிட்டால் ஐக்ளவுடில் 30 நாட்களுக்குள் மீட்கலாம். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்குப் பிறகு போனது போனதுதான்.

பேக்கப் என்பது தனியாக எடுத்து வைக்கும் நகல். மூலத்தில் என்ன நடந்தாலும் அது அசையக் கூடாது. அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய '3-2-1' விதி இதற்கு நல்ல வழிகாட்டி. எந்தப் படத்துக்கும் 3 நகல்கள், 2 வெவ்வேறு வகை சேமிப்பில், அதில் 1 வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

'க்ளவுடிலேயே இருக்கே, அது போதாதா?' என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் தீ பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திவந்த 'ஜி-ட்ரைவ்' என்ற க்ளவுட் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் தகவல்கள் அழிந்துபோயின. அதற்கு வெளியே எங்கும் பேக்கப் இல்லை. க்ளவுட் என்பதும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான்.

கொடைக்கானலிலேயே ஒரு முன்மாதிரி இருக்கு

போட்டோக்களை நூறு வருஷத்துக்கு மேல் பாதுகாப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, கொடைக்கானலைத் தாண்டிப் போகத் தேவையில்லை. அங்குள்ள சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கப்பட்டது. இப்போது பெங்களூரில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். இன்றும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் பெயர்.

அந்தக் காலப் படங்கள் எல்லாம் கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் பதிவானவை. அவற்றை டிஜிட்டலாக மாற்றும் வேலை ஒரே தடவையில் முடிந்துவிடவில்லை. கால்சியம் ஒளியில் எடுத்த படங்கள் முதலில் 8-பிட் தரத்தில் ஸ்கேன் ஆயின. வெளிச்ச வேறுபாடுகளைத் துல்லியமாக அளக்க அது போதவில்லை. பிறகு 4096 x 4096 பிக்ஸல், 16-பிட் தரத்தில் மறுபடி டிஜிட்டல் ஆக்கினார்கள். இரண்டாவது தடவை செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம், மூலத் தகடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. டிஜிட்டல் கோப்புகளில் சில படங்களின் தேதி, நேரம் தவறாகப் பதிவாகியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டினார்கள். படம் நன்றாக இருந்தாலும், எப்போது எடுத்தது என்று தெரியாவிட்டால் அதன் பயன் பாதியாகிவிடும்.

உங்கள் போட்டோக்களுக்கும் இதே மூன்று பாடங்கள் பொருந்தும்: மூலத்தை விடாதீர்கள், நகலை வேறு ஊரிலும் வையுங்கள், தேதியைத் தொலைக்காதீர்கள். கீழே வரும் சிக்கல்கள் எல்லாமே இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொடுபவைதான்.

சிக்கல் 1: டிஸ்க்கை மாட்டினால் காப்பி ஆகவே மாட்டேங்குது

பெரும்பாலும் டிஸ்க் கெட்டுப்போயிருக்காது. அதன் ஃபார்மட் உங்கள் சாதனத்துக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

* என்டிஎஃப்எஸ்: விண்டோஸுக்கு ஏற்றது. மேக்கில் மாட்டினால் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். புதிதாக எதையும் எழுத முடியாது.
* ஃபேட்32: எல்லாச் சாதனங்களும் ஏற்கும். ஆனால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரே ஃபைலைச் சேமிக்க முடியாது. நீளமான 4கே வீடியோ பாதியில் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.
* எக்ஸ்ஃபேட்: விண்டோஸ், மேக், ஐபோன், புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் வேலை செய்யும். சாதாரணமாகப் படங்களை காப்பி பண்ணி வைக்க இது போதும்.
* ஏபிஎஃப்எஸ்: ஆப்பிளுக்கு மட்டும். மேக்கின் போட்டோஸ் லைப்ரரியை டிஸ்க்கில் வைக்க நினைத்தால் இது தேவை.

கவனம்: ஃபார்மட்டை மாற்றினால் டிஸ்க்கில் இருக்கும் எல்லாமே அழிந்துவிடும். உள்ளே ஏதாவது இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

போனில் நேரடியாக மாட்டும்போது இன்னொரு சிக்கல் வரலாம். உள்ளே தட்டு சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்குக்குப் போன் தரும் மின்சாரம் பத்தாது. லைட் மினுக்கும், கடகடவென்று சத்தம் வரும், டிஸ்க் தெரியாது. தனியாக மின் இணைப்பு உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டிப் பாருங்கள். சிறிய எஸ்எஸ்டி-யில் இந்தத் தொல்லை குறைவு.

ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரில் மாட்டும்போது எதுவுமே தெரியவில்லையா? போன் 'சார்ஜிங் மட்டும்' என்ற நிலையில் இருக்கும். நோட்டிஃபிகேஷனைத் திறந்து 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால் போதும். அப்பவும் வரவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டாவைக் கடத்தாது.

சிக்கல் 2: மேக்கில் போட்டோஸ் லைப்ரரியை டிஸ்க்குக்கு மாற்றினேன், ஐக்ளவுட் சின்க் நின்னுபோச்சு

மேக்கின் இடம் நிரம்பியதும் பலர் செய்வது இது. லைப்ரரியை அப்படியே டிஸ்க்குக்கு இழுத்து விடுவார்கள். அதன்பின் புதுப் படங்கள் வருவது நின்றுவிடும். வரிசையாகச் சரிபாருங்கள்.

ஒன்று, டிஸ்க் ஏபிஎஃப்எஸ் அல்லது பழைய மேக் ஃபார்மட்டில் இருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் லைப்ரரி ஒழுங்காக வேலை செய்யாது.

இரண்டு, ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே போட்டோஸ் ஆப்பைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும். டிஸ்க்கில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு செட்டிங்ஸின் ஜெனரல் பகுதியில் 'சிஸ்டம் போட்டோ லைப்ரரியாகப் பயன்படுத்து' என்ற பட்டனை அழுத்துங்கள். ஐக்ளவுடோடு சின்க் ஆவது சிஸ்டம் லைப்ரரி மட்டும்தான். பலருக்கும் சின்க் நிற்பதன் காரணம் இந்த ஒரு பட்டன்தான்.

மூன்று, ஐக்ளவுட் பகுதியில் 'ஒரிஜினல்களை இந்த மேக்கில் டவுன்லோடு செய்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஸ்டோரேஜை ஆப்டிமைஸ் செய்' என்று இருந்தால், இடம் குறையும்போது டிஸ்க்கில் சின்ன அளவு நகல்கள்தான் இருக்கும். ஒரிஜினல் க்ளவுடிலேயே நின்றுவிடும்.

நான்கு, லைப்ரரி திறக்க மறுத்தால் ஆப்ஷன், கமாண்ட் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஆப்பைத் திறங்கள். பழுது நீக்கும் வசதி வரும். பெரிய லைப்ரரி என்றால் இதற்கு நேரம் பிடிக்கும். இடையில் நிறுத்தாதீர்கள்.

ஐந்து, டிஸ்க்கைக் கழற்றும் முன் போட்டோஸ் ஆப்பை மூடி, முறைப்படி 'இஜெக்ட்' செய்யுங்கள். அவசரத்தில் பிடுங்கினால் லைப்ரரி கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். லைப்ரரியை பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ வைக்க வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. டைம் மெஷினுக்குப் பயன்படுத்தும் டிஸ்க்கிலும் வைக்காமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் சரியாக ஓடினாலும் ஒன்றை மறக்காதீர்கள். இந்த டிஸ்க்கில் இருப்பது சின்க் ஆகும் லைப்ரரி. போனில் ஒரு படத்தை அழித்தால் இங்கேயும் அழியும். அதனால் இதை பேக்கப் கணக்கில் சேர்க்க முடியாது. போட்டோஸில் படங்களைத் தேர்ந்தெடுத்து 'மாற்றப்படாத ஒரிஜினல்களை எக்ஸ்போர்ட் செய்' என்று கொடுத்து, இன்னொரு டிஸ்க்கில் சாதாரண ஃபோல்டராக வைத்தால்தான் அது பேக்கப்.

சிக்கல் 3: ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு காப்பி பண்ணும்போது பாதியில் எரர்

இதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கும். ஐபோன்கள் 2017 முதல் ஹெச்இஐசி என்ற ஃபார்மட்டில் படங்களைச் சேமிக்கின்றன. விண்டோஸுக்கு மாற்றும்போது போன் ஒவ்வொன்றையும் ஜேபெக் ஆக மாற்றி அனுப்பப் பார்க்கும். ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் நடுவில் மூச்சு வாங்கி நின்றுவிடும். செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் கடைசியில் 'மேக் அல்லது பிசி-க்கு மாற்று' என்று இருக்கும். அதில் 'ஒரிஜினல்களை வைத்திரு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்த எரர் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்தது, 'ஐபோன் ஸ்டோரேஜை ஆப்டிமைஸ் செய்' ஆனில் இருந்தால் பழைய படங்களின் ஒரிஜினல் போனிலேயே இருக்காது. காப்பி செய்தாலும் முழுசாக வராது. போனில் இடம் இருந்தால் 'டவுன்லோடு செய்து ஒரிஜினலை வைத்திரு' என்று மாற்றி, வைஃபையில் ஓர் இரவு விடுங்கள். இடம் இல்லையென்றால் ஐக்ளவுட் இணையதளத்தில் ஒரு தடவைக்கு 1,000 படங்கள் வரை தேர்ந்தெடுத்து டவுன்லோடு செய்யலாம்.

லைவ் போட்டோ எடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு சின்ன வீடியோ என இரண்டு ஃபைல்கள் வரும். டூப்ளிகேட் என்று நினைத்து வீடியோவை அழித்துவிடாதீர்கள்.

சிக்கல் 4: கூகுள் ஃபோட்டோஸ் படங்களை எப்படி மொத்தமாக எடுப்பது?

கூகுள் ட்ரைவில் தேடிப் பார்த்துவிட்டு 'போட்டோவே இல்லையே' என்று பதறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ட்ரைவுக்கும் ஃபோட்டோஸுக்கும் இருந்த தானியங்கி இணைப்பை கூகுள் 2019 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டருக்கான ட்ரைவ் ஆப், டிஸ்க்கில் இருக்கும் படங்களை ஃபோட்டோஸுக்கு ஏற்றும். அங்கிருந்து டிஸ்க்குக்கு இறக்காது. அது ஒருவழிப் பாதை.

இறக்குவதற்கு இருக்கும் வழி கூகுள் டேக்அவுட். அதில் கூகுள் ஃபோட்டோஸை மட்டும் டிக் செய்யுங்கள். ஆண்டு வாரியாகவும் ஆல்பம் வாரியாகவும் பிரித்துத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் 2018-ஐ மட்டும்கூட எடுக்கலாம். ஜிப் ஃபைலாகத் தயாராகி மெயிலுக்கு லிங்க் வரும். அது சுமார் ஒரு வாரம்தான் செல்லும். ஒவ்வொரு ஜிப்பும் எத்தனை ஜிபி என்று நீங்களே முடிவு செய்யலாம். நெட் தடுமாறும் இடமாக இருந்தால் 2 ஜிபி போதும். 50 ஜிபி ஃபைல் 48-வது ஜிபி-யில் அறுந்துபோனால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

இனி தேதிப் பிரச்சினை. டேக்அவுட்டில் ஒவ்வொரு படத்தோடும் ஜேசான் என்ற சின்ன ஃபைல் வரும். படம் எடுத்த நேரம், இடம், நீங்கள் எழுதிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். குப்பை என்று நினைத்து அதை அழிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கேமராவில் எடுத்த படம் என்றால் எக்சிஃப் என்ற பகுதியில் தேதி படத்துக்குள்ளேயே இருக்கும். ஆனால் கூகுள் ஃபோட்டோஸில் நீங்கள் கையால் திருத்திய தேதி ஜேசானில் மட்டும்தான் வரும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எக்சிஃப் இருக்காது. அவற்றின் ஃபைல் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் எண்களாக இருக்கும். அதனால் பெயரை மாற்றாதீர்கள்.

எல்லா ஜிப்களையும் ஒரே ஃபோல்டருக்குள் பிரித்து விடுங்கள். படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசான் இன்னொரு ஜிப்பிலும் இருக்கலாம். பிறகு எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் ஜேசானில் இருக்கும் தேதியைப் படத்துக்குள் எழுதலாம். ஜேசானில் இருப்பது உலகப் பொது நேரம், நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதிகாலை 5 மணிக்கு எடுத்த படம் முந்தைய நாள் கணக்கில் போய்விடும்.

சிக்கல் 5: மலையில் நெட் இல்லை, அப்லோடு நகரவே இல்லை

கொடைக்கானல் நகரத்துக்குள் ஓரளவு சிக்னல் கிடைக்கும். மேல்மலைப் பக்கம் பூம்பாறை, மன்னவனூர் என்று போகப் போக அது வந்து வந்து போகும். சாதாரண கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 100 ஜிபி படங்களை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் அப்லோடு செய்ய, இடையில் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினாலும் 44 மணி நேரம் ஆகும். அதே 100 ஜிபி-யை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதும் டிஸ்க்குக்கு மாற்ற 17 நிமிடம் போதும்.

அதனால் பயணத்தின்போது முதல் நகலை டிஸ்க்குக்கு எடுங்கள். க்ளவுட் வேலையை வத்தலக்குண்டு இறங்கியோ வீட்டுக்கு வந்தோ பார்த்துக்கொள்ளலாம். ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கும் ட்ரெக்கிங் வழிகாட்டிகளுக்கும் படங்கள்தான் விளம்பரம் என்பதால், இது இன்னும் முக்கியம்.

அப்லோடு வீட்டிலும் நகரவில்லையென்றால் மூன்றைப் பாருங்கள். பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் பின்னணி வேலைகள் நின்றுவிடும். 'வைஃபையில் மட்டும்' என்ற செட்டிங் இருந்தால் மொபைல் டேட்டாவில் ஏறாது. கூகுள் ஃபோட்டோஸ் வழக்கமாக கேமரா ஃபோல்டரை மட்டும்தான் எடுக்கும். வாட்ஸ்அப், ட்ரோன் ஆப் போன்றவற்றின் ஃபோல்டர்களை நீங்களே ஆன் செய்யணும்.

சிக்கல் 6: 'இடத்தைக் காலி செய்' பட்டனை அழுத்தலாமா?

போனில் இடம் இல்லாதபோது கூகுள் ஃபோட்டோஸ் இந்த ஆலோசனையைத் தரும். பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து நீக்கும். க்ளவுடில் இருக்கும். தப்பில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நகல்.

அந்த நகலும் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 'ஸ்டோரேஜ் சேவர்' தேர்ந்தெடுத்திருந்தால் 16 மெகாபிக்ஸலுக்கு மேற்பட்ட படங்கள் 16 மெகாபிக்ஸலாகவும், பெரிய வீடியோக்கள் 1080பி ஆகவும் சுருக்கப்படும். 2018-ல் 'ஹை குவாலிட்டி' என்ற பெயரில் அளவில்லாமல் இலவசமாகக் கிடைத்தது இதுதான். அந்தச் சலுகை 2021 ஜூன் 1-ல் முடிந்தது. அதற்கு முன் அப்படி ஏற்றியவை 15 ஜிபி கணக்கில் வராது. பின்பு ஏற்றியவை எல்லாம் வரும். அந்த 15 ஜிபி-யை ஜிமெயிலும் ட்ரைவும் சேர்ந்தே பயன்படுத்துகின்றன. நிரம்பிவிட்டால் ஆபீஸ் மெயில், இன்டர்வியூ அழைப்புகூட வராமல் போகலாம்.

இன்னொரு விதியும் உண்டு. இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கலாம். 2023 டிசம்பர் முதல் இது அமலில் இருக்கிறது. 2018 ட்ரிப் படங்கள் பழைய மெயில் ஐடி ஒன்றில் இருக்கா? இன்றே ஒரு தடவை லாகின் செய்து பாருங்கள்.

மலை ஊரில் டிஸ்க்கை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழக்கமான ஹார்ட் டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை இயங்கும்படி தயாரிக்கப்படுபவை. எனவே உயரத்தால் பிரச்சினை இல்லை. ஈரப்பதம்தான் எதிரி. வெளியே பனியில் சில்லிட்டிருந்த டிஸ்க்கைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் மாட்டாதீர்கள். உள்ளே நீர் பூத்திருக்கலாம். பையிலேயே வைத்து ஒரு மணி நேரம் கழித்து மாட்டுங்கள். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

மலைப்பாதையில் பஸ் வளைந்து குலுங்கும்போது சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஓட விடாதீர்கள். அந்த வேலைக்கு எஸ்எஸ்டி ஏற்றது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது மலையில் சகஜம். 2018 நவம்பரில் கஜா புயலின்போது கொடைக்கானல் பகுதியிலும் மரங்கள் சாய்ந்து மின்சாரம் துண்டிக்கப்பட்டது. காப்பி ஆகும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய ஃபைல் கெடும். டெஸ்க்டாப்பைவிட சார்ஜ் உள்ள லேப்டாப்பில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

இந்த வார இறுதியில் செய்ய வேண்டியவை

1. எந்த க்ளவுட் கணக்கில் எந்த ஆண்டுப் படங்கள் இருக்கின்றன என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். பழைய மெயில் ஐடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
2. முக்கியமான ஓர் ஆண்டை மட்டும் முதலில் எடுங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் இறக்க முயன்றால் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள்.
3. டிஸ்க்கில் ஆண்டு, மாதம், இடம் என்ற வரிசையில் ஃபோல்டர் போடுங்கள். உதாரணம்: '2018-09 கொடைக்கானல்'. எந்த ஆப் மறைந்தாலும் இந்தப் பெயர் நிற்கும்.
4. காப்பி முடிந்ததும் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். அங்கங்கே இருபது படங்களைத் திறந்து பாருங்கள். வீடியோக்களைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.
5. இரண்டாவது டிஸ்க்கில் இன்னொரு நகல் எடுத்து, சொந்த ஊரில் அம்மா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.
6. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு டிஸ்க்குகளையும் மாட்டித் திறந்து பாருங்கள். ஒரே டிஸ்க் 2030 வரை ஓடும் என்று நம்பியிருக்க வேண்டாம். நான்கைந்து வருஷத்தில் புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.
7. இந்த ஆறும் முடிந்த பிறகுதான் க்ளவுடிலிருந்தோ போனிலிருந்தோ எதையும் அழிக்க யோசிக்கணும்.

2030-ல் குறிஞ்சி பூக்கும்போது கையில் வேறு போன் இருக்கும், ஒருவேளை வேறு க்ளவுடும் இருக்கும். 2018-ல் நின்ற அதே சரிவில் நின்று, பழைய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், அதற்கான வேலையை முதல் டிஸ்க்கிலிருந்து தொடங்கலாம். 2018 ஃபோல்டர் ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.